கடையின் பெயர் யார் பெயரில் இருக்கிறது?

(கும்பகோணத்தில் சிறு வணிகர்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



வெப்சைட் வைத்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று தலைவர் சற்று முன் கேட்டார். நிறையக் கைகள் உயர்ந்தன. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கை தூக்கியவர்களிடம் நான் இன்னும் கொஞ்சம் கேட்கிறேன். உங்கள் வெப்சைட்டின் பெயர், டொமைன் என்கிறோமே, அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? அடுத்து எந்தத் தேதியில் அதைப் புதுப்பிக்க வேண்டும்? புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல் யாருக்குப் போகிறது? இந்த மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்ல முடிந்தால் என் உரையில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. முடியவில்லை என்றால் தயவுசெய்து கவனித்துக் கேளுங்கள். நிறம், டிசைன், லோகோ எல்லாவற்றுக்கும் முன்னால் முடிக்க வேண்டிய காரியம் இது.

வெப்சைட் போட இரண்டு வேண்டும். ஒன்று பெயர். இன்னொன்று, பக்கங்களை வைத்திருந்து கேட்பவருக்கு அனுப்பும் கணினியில் கொஞ்சம் இடம், அதுதான் ஹோஸ்டிங். இடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இந்த ஆண்டு ஒரு நிறுவனம், அடுத்த ஆண்டு வேறொன்று என்று மாறினாலும் வாடிக்கையாளருக்குத் தெரியாது. பெயர் அப்படியில்லை. பில் புத்தகம், துணிப்பை, கடை போர்டு, கல்யாண மண்டபத்தில் கொடுத்த விசிட்டிங் கார்டு என்று எல்லாவற்றிலும் அது ஏறிவிட்டது. கட்டடத்துக்கு எத்தனை லட்சம் கொட்டினாலும் மனைப் பத்திரம் வேறொருவர் பெயரில் இருந்தால் என்ன ஆகும் என்று வியாபாரிகளான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டொமைன் என்பது அந்தப் பத்திரம். ஒரே வித்தியாசம், இதைக் காலமெல்லாம் என்று எழுதி வாங்க முடியாது. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 ஆண்டுக்குப் பணம் கட்டி வைத்துக்கொள்ளலாம், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

ஊருக்கு ஊர் நடப்பதைச் சொல்கிறேன். கடைக்காரர் தெரிந்த பையன் ஒருவரிடம் வேலையைக் கொடுக்கிறார். ‘எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் ஆகும் அண்ணே. நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம், எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்’ என்கிறார் தம்பி. நல்ல மனதோடுதான் சொல்கிறார். தன் மின்னஞ்சலைக் கொடுத்து, தன் பெயரிலேயே டொமைனைப் பதிவு செய்கிறார். ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும், அவருக்கும் வேலை சீக்கிரம் முடிகிறது. இரண்டு ஆண்டு கழித்து அவருக்கு வெளியூரில் வேலை கிடைக்கிறது, நம்பர் மாறுகிறது. காலக்கெடு முடியும் முன் நினைவூட்டல் அனுப்ப வேண்டியது பதிவு நிறுவனத்தின் கடமை. ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் அனுப்புகிறார்கள். அந்தக் கடிதங்கள் தம்பி திறந்து பார்க்காத பழைய பெட்டியில் போய் விழுகின்றன. ஒரு நாள் பழைய வாடிக்கையாளர் போன் செய்து, ‘உங்க வெப்சைட்டைத் தொறந்தா ஏதோ சூதாட்டப் பக்கம் வருதுங்களே’ என்கிறார்.

நடந்தது இதுதான். டாட் காம் பெயர் ஒன்று காலாவதியானால் உடனே போய்விடாது. பதிவு நிறுவனம் சில வாரம் பொறுத்துப் பார்க்கும். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம். அபராதத்தோடு பெரிய தொகை கட்டினால் பெயர் திரும்பக் கிடைக்கும். அதுவும் தாண்டினால் ஐந்து நாளில் பெயர் பொதுவில் விழுந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பழைய பெயர்களுக்கென்றே காத்திருப்பவர்கள் உண்டு. ஆண்டுக் கணக்கில் ஓடிய பெயர் என்பதால் கூகுளில் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும். அந்த மதிப்பைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் சூதாட்டக்காரர்கள் எடுக்கிறார்கள். உங்கள் தாத்தா வைத்த கடைப் பெயரில் அவர்கள் சீட்டாடுவார்கள். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

இது சின்னக் கடைக்காரர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனமே பாஸ்போர்ட் டாட் காம் என்ற தன் பெயரைப் புதுப்பிக்க மறந்துவிட்டது. ஹாட்மெயிலில் நுழைய அந்தப் பெயர்தான் வாசல் என்பதால் பலரால் கடிதம் பார்க்க முடியவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்த ஒரு நிரலாளர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிப் புதுப்பித்துக் கொடுத்தார். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு ஒரு நல்ல மனிதர் கிடைத்தார். நாம் அதை நம்பிக் கடை நடத்த முடியாது.

ஆகவே, டொமைனை நீங்களே பதிவு செய்யுங்கள். ஜவுளிக்கு ஆன்லைனில் பணம் கட்டத் தெரிந்த யாருக்கும் அது கால் மணி நேர வேலை. தெரியாவிட்டால் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, உங்கள் பெயர், கடை விலாசம், உங்கள் போன் எண், கடைக்கென்றே தொடங்கிய மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொடுத்துச் செய்யுங்கள். டாட் இன் என்ற நம் நாட்டுப் பெயர்கள் 2005 முதல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. நிக்சி என்ற அமைப்பு அவற்றைப் பராமரிக்கிறது. டாட் இன் ஆனாலும் டாட் காம் ஆனாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கத்தில் முடியும். விளம்பரத்தில் 99 ரூபாய் என்று போட்டிருந்தால் அது முதல் ஆண்டுக்கு மட்டும். புதுப்பிக்க எவ்வளவு என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். ஏற்கெனவே வேறொருவர் பெயரில் இருந்தால் சண்டை போடாமல் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கென்று ஒரு குறியீடு உண்டு, ஆத் கோட் என்பார்கள். அது அவருடைய கணக்கில் இருக்கும். உறவு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது.

என்ன பெயர் வைப்பது? கடைப் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்தால் நல்லது, ஆனால் சுருக்கமாக இருக்கட்டும். ஆங்கில எழுத்தில் நம் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். விளக்கு என்பதற்கு ஒரு கே-யா இரண்டு கே-யா என்று ஆயுள் முழுக்கப் போனில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வாங்கும் முன் வெளியூர் உறவினர் இரண்டு பேருக்குப் போன் செய்து பெயரை வாயால் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இருவரும் சரியாக எழுதினால் வாங்கிவிடுங்கள். முழுக்கத் தமிழ் எழுத்திலேயே முகவரி வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றுமே தமிழ் எழுத்தில் உண்டு. அதை இரண்டாவதாக வாங்கி முதல் முகவரிக்கே திருப்பிவிடலாம். அதையே ஒற்றை முகவரியாக வைக்க நான் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட முகவரியில் அமைந்த மின்னஞ்சலைப் பல படிவங்கள் இன்னும் ஏற்பதில்லை.

‘ஃபேஸ்புக் பக்கம் இருக்கு, இன்ஸ்டா இருக்கு, வாட்ஸ்அப்ல கேட்டலாக் போட்டாச்சு. இது எதுக்கு சார் தனியா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவை எல்லாமே வேண்டும். ஆனால் அவற்றில் எதுவும் உங்களுடையது இல்லை. கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்க்கும்போது இலவசமாக ஒரு வெப்சைட்டும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது கூகுள். பல சிறு கடைகளுக்கு அதுதான் ஒரே வெப்சைட். 2024 மார்ச்சில் அந்தத் தளங்கள் அத்தனையையும் கூகுள் நிறுத்திவிட்டது. ஜூன் வரை பழைய முகவரியைத் தட்டியவர்களைக் கடையின் கூகுள் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. அந்த முகவரியைப் பையில் அச்சடித்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் ஒரே இரவில் தடை செய்யப்பட்டது. 2021 அக்டோபர் 4 அன்று நம் ஊர் நேரப்படி இரவு ஒன்பது மணிவாக்கில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து படுத்து, ஆறு மணி நேரம் போல எழுந்திருக்கவில்லை. யார் மீதும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்களுடைய முடிவுகளும் விபத்துகளும் அவர்கள் கையில். அதற்கு நம் பெயர் பலியாகக் கூடாது என்பதுதான் என் கவலை.

வலை என்ற இந்த ஏற்பாடே யாருக்கும் சொந்தமானதில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ அதை உருவாக்கியது ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில். 1993 ஏப்ரல் 30 அன்று, எவரும் காசு கொடுக்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று செர்ன் எழுதிக் கொடுத்துவிட்டது. அதனால்தான் நாச்சியார்கோயிலில் பட்டறை வைத்திருக்கும் பத்தர் ஒருவர் உலகத்துக்குத் தன் விளக்கைக் காட்ட எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய உரிமை கையில் இருக்கும்போது நாமாகவே போய் இன்னொருவர் திண்ணையில் மட்டும் கடை பரப்பிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு ஆதங்கம்.

சரி, பெயர் வாங்கியாயிற்று. உள்ளே என்ன எழுதுவது? இங்கேதான் பல வெப்சைட்டுகள் வீணாகின்றன. ‘தரமே எங்கள் தாரக மந்திரம், வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்’ என்று முதல் பக்கம் முழுக்க எழுதியிருப்பார்கள். விலை இருக்காது, விலாசம் தேட வேண்டும். நான் சொல்லும் வழி எளிது. கடைப் போன் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டை வையுங்கள். ஒரு மாதம், போனில் யார் எதைக் கேட்டாலும் கேட்டபடியே எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டுதான் உங்கள் வெப்சைட்.

குத்துவிளக்குக் கடைக்கு வரும் கேள்விகளைப் பாருங்கள். ‘மூணடி விளக்கு எத்தனை கிலோ வரும்?’ ‘அஞ்சு முகமா?’ ‘மேல அன்னம் வச்சதா?’ ‘தண்டு கெட்டியா வார்த்ததா, உள்ள பொள்ளலா?’ ‘கழட்டி மாட்டலாமா?’ ‘புளி போட்டுத் தேய்க்கலாமா?’ ‘குலதெய்வம் கோயிலுக்கு உபயம் பண்றோம், பேர் வெட்டிக் கொடுப்பீங்களா?’ ‘நாங்க ஈப்போவில இருக்கோம், நேரா மன்னார்குடி பக்கம் கோயில்லயே இறக்கிக் கொடுத்துடுவீங்களா?’ ஒவ்வொன்றுக்கும் கடைக்காரர் வாயில் தயாராகப் பதில் இருக்கிறது. பல ஆண்டு அனுபவத்தின் பதில். அதை அவர் பேசுகிறபடியே எழுதினால் போதும், அலங்காரம் வேண்டாம். அந்தக் கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் யோசியுங்கள். மலேசியாவில் இருக்கும் குடும்பம் அங்கே ஒரு ராத்திரி வேளையில் இதைத் தேடுகிறது. ‘வெளிநாட்டிலிருந்து உபயம் செய்பவர்களுக்கு: பெயர் பொறித்து, கோயிலிலேயே சேர்த்து, அர்ச்சகர் கையில் கொடுத்ததைப் படம் எடுத்து அனுப்புகிறோம்’ என்று தமிழில் ஒரு பக்கம் இருந்தால் அவர்கள் வேறு கடைக்குப் போவார்களா? அந்தச் சேவையை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். எங்கும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

விலை போடத் தயங்குகிறீர்கள், காரணம் எனக்குப் புரிகிறது. பித்தளை கிலோ விலை ஏறும், இறங்கும். பக்கத்துக் கடைக்காரரும் பார்ப்பார். ஆனால் ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்பதைப் போல வாடிக்கையாளரை விரட்டும் வாக்கியம் வேறில்லை. கிலோ விலை இவ்வளவு, இந்தத் தேதி நிலவரம் என்று தேதியோடு போடுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் உயரம் இத்தனை அங்குலம், எடை சுமார் இத்தனை கிலோ என்று எழுதிவிட்டால் பெருக்கிக்கொள்வது அவர்கள் வேலை. கிலோ விலையை ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறும்படி செய்து தரச் சொல்லுங்கள். செய்பவருக்கு அது சாதாரண வேலை. கூடவே, காவிரி வண்டலில் அச்சு எடுப்பது, வார்ப்பது, கடைசல் பிடிப்பது, மரை போட்டுப் பொருத்துவது என்று விளக்கு உருவாகும் வழியை நாலு படத்தோடு சொல்லுங்கள். அந்த உழைப்பைப் பார்த்தவர்கள் விலையைப் பேரம் பேசக் கூச்சப்படுவார்கள்.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பளபளக்கும் பித்தளை கண்ணாடிக்குச் சமம். டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் தட்டில் டியூப்லைட் தெரியும், போனைப் பிடித்த கையும் தெரியும். காலை வேளையில் வெயில் நேராக விழாத வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில், பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, பக்கத்தில் மற்றொரு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு எடுங்கள். ஒரு முழுப் படம்; பிறகு உச்சி, தட்டு, தண்டின் மரை, அடிப்பாகம் தனித்தனியாக. அளவு தெரிய ஒரு ஸ்கேலை நிறுத்தி ஒரு படம். இப்போதைய போன் எதுவும் போதும். ஆனால் போனிலிருந்து வரும் படம் நாலைந்து எம்பி இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் கிராமத்து சிக்னலில் பக்கம் திறக்காது. சுருக்கி 200 கேபிக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அடுத்தது, நம் ஊரில் எல்லோரும் செய்வது: ஃபிளக்ஸ் போர்டுக்கு அடித்த டிசைனையே படமாக வெப்சைட்டில் ஒட்டிவிடுவது. விலாசம், போன் எண், பொருள் பட்டியல் எல்லாம் அந்தப் படத்துக்குள் மாட்டிக்கொள்ளும். எண்ணைத் தொட்டால் போன் போகாது. தேடுபொறிக்கு அது வெறும் படம். பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும் செயலிக்கும் அதில் ஒன்றும் இல்லை. எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும், அதுவும் யூனிகோடு எழுத்தாக. டிடிபி கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததை அப்படியே ஒட்டினால் வாடிக்கையாளர் போனில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது, தமிழ்நாடு அரசும் 2010இல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய கோப்பை மாற்றித் தர இலவசக் கருவிகள் உண்டு. தமிழில் முதலில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் அடுத்து. வெளிநாட்டுத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டும், ஆனால் ‘நாச்சியார்கோயில் குத்துவிளக்கு விலை’ என்று போனில் வாயாலேயே கேட்டுத் தேடும் அம்மாவுக்குத் தமிழ்ப் பக்கம்தான் கிடைக்க வேண்டும்.

மற்றத் தொழில்களுக்கும் நோட்டு யோசனை ஒன்றேதான், கேள்விகள் மாறும். திருபுவனம் பட்டு என்றால் நிறம். போனில் தெரியும் நிறம் நேரில் மாறும் என்பதால் வீடியோ அழைப்பில் பகல் வெளிச்சத்தில் காட்டுவோம் என்று சொல்லிவிடுங்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். சிலை தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கும் வேலையை யார் செய்வார், எத்தனை நாள் ஆகும் என்பதை எழுதினால் பாதி பயம் தீரும். காபித்தூள் கடைக்கு எந்தக் கிழமை வறுத்து அரைக்கிறீர்கள் என்பதே பெரிய செய்தி. வெற்றிலை இரண்டாம் நாள் வாடும். ஆன்லைன் ஆர்டரே வேண்டாம், மொத்தமாகக் கேட்பவருக்குப் போன் எண் போதும். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. விளக்கு, சிலை, பட்டு, வெற்றிலை என்று இத்தனை குறியீடுகள் இந்த ஒரு வட்டாரத்தில். ஆனால் குறியீடு கிடைத்த பொருளைச் செய்பவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். செய்துவிட்டு அந்தப் பதிவை வெப்சைட்டில் காட்டுங்கள். வெளியூர் நகலிலிருந்து உங்களைப் பிரித்துக் காட்ட அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

வெப்சைட்டிலேயே பணம் கட்டி வாங்கும் வசதி வேண்டுமா? முதல் ஆண்டில் பெரும்பாலோருக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்து பக்கம், தொட்டால் போகும் போன் எண், வாட்ஸ்அப் பொத்தான், வழி காட்டும் வரைபடம். மாதத்துக்கு முப்பது நாற்பது ஆர்டர் போனில் வந்து கை திணறும்போது அந்த வசதியைச் சேர்க்கலாம். சேர்த்தால் சட்டமும் கூடவே வரும். 2020இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி சட்டபூர்வமான பெயர், விலாசம், புகார்களைக் கவனிப்பவர் பெயர், தொடர்பு எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பணம் திருப்பித் தரும் முறை, அனுப்பும் முறை ஆகிய பக்கங்கள் இல்லாமல் பேமென்ட் கேட்வே நிறுவனங்கள் கணக்கே திறக்காது. உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்ணைப் போடுங்கள். ஜிஎஸ்டியில், வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் விற்றுமுதல் வரம்பு பார்க்காமல் பதிவு தேவைப்படும். கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு, உங்கள் பொருள் அதில் வருகிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது. வெளிநாட்டுக்கு அனுப்ப, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடான ஐஇசி எண் வாங்க வேண்டும். சிறு ஏற்றுமதியாளர்களுக்கென்று அஞ்சல் துறையே மையங்கள் திறந்திருக்கிறது. கூரியர் கட்டணத்தைத் தளத்தில் போடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதையும் எடையாகக் கணக்குப் போடுகிறார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். விளக்குக்காரர்கள் பாகங்களைக் கழற்றி அனுப்புவதால் தப்பிக்கிறார்கள். மூங்கில், ஓலைப் பொருள்காரர்கள் இந்தக் கணக்கில் அடிபடுகிறார்கள்.

வேலையை ஒருவரிடம் கொடுக்கும்போது கொட்டேஷனிலேயே நான்கு வரி எழுதி வாங்குங்கள். டொமைனும் ஹோஸ்டிங்கும் கடையின் கணக்கில் இருக்கும். எல்லாப் பாஸ்வேர்டும் கடைக்குத் தரப்படும். தளத்தின் முழு நகல் ஒன்று பென்டிரைவில் தரப்படும். படங்களும் எழுத்தும் கடைக்குச் சொந்தம். நல்ல தம்பி யாரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். பார்ப்பவருக்கும் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலைப் பூட்டும் எஸ்எஸ்எல்லுக்கென்று ஆண்டுக்குச் சில ஆயிரம் தனியாகப் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். 2018 ஜூலையிலிருந்து பூட்டில்லாத தளங்களை ‘பாதுகாப்பற்றது’ என்று குரோம் காட்டுகிறது, ஆகவே அது அவசியம்தான். ஆனால் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற பொதுநல ஏற்பாடு அதை இலவசமாகவே தருகிறது; பெரும்பாலான ஹோஸ்டிங்கில் அது உள்ளடக்கம்.

உலக வெப்சைட்டுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகின்றன. நல்ல மென்பொருள், இலவசம். ஆனால் அதற்கு மாதாமாதம் பராமரிப்பு வேண்டும். அப்டேட் செய்யாமல் கைவிட்ட தளங்களுக்குள் யாராவது புகுந்து ஆயிரக்கணக்கில் ஜப்பானிய மொழி விளம்பரப் பக்கங்களை உருவாக்கிவிடுவது உலகெங்கும் நடப்பது. கடைப் பெயரைத் தேடினால் ஜப்பானிய எழுத்து வரும், கடைக்காரருக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. பராமரிக்க ஆள் இல்லையென்றால் எளிய, நிலையான ஐந்து பக்கமாகவே செய்யச் சொல்லுங்கள். உடைத்து நுழைய அதில் ஒன்றும் இருக்காது. பராமரிப்புக்கு ஆண்டுச் சந்தா கொடுப்பதானால் என்ன செய்வார் என்று எழுதி வாங்குங்கள். ‘உங்கள் டொமைன் நாளையோடு முடிகிறது, உடனே இந்த லிங்க்கில் கட்டுங்கள்’ என்று வரும் போன்களை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் நீங்களே நுழைந்து தேதியைப் பாருங்கள்.

பெயர், தேதி, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கடை லைசென்ஸ் இருக்கும் பீரோவிலேயே வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். கடைக்காரர் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் ஓடிபி அவருடைய போனுக்குத்தான் வரும். பல வீடுகளில் அந்தப் போனின் லாக்கைத் திறக்க மனைவிக்குத் தெரியாது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு சாயங்காலம் உட்கார்ந்து இதைச் செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று: 2028இல் நம் ஊரில் மகாமகம் வருகிறது. இதற்கு முன் 2016இல் வந்த கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். இந்தத் தடவை வருகிறவர்கள் கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து தேடிவிட்டுத்தான் வருவார்கள்: எந்தக் கடை, குளத்திலிருந்து எத்தனை தூரம், தீர்த்தவாரி அன்று திறந்திருக்குமா, வாங்கினதை ஊருக்கே அனுப்பிவிடுவார்களா, முதியவர்கள் உட்கார இடம் உண்டா. கூகுளில் ஒரு புதுத் தளம் நிலைபெற மாதங்கள் ஆகும். அதனால் மாசி வரும்வரை காத்திருக்காமல் 2027 ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு ‘மகாமகத்துக்கு வருகிறவர்களுக்கு’ என்று ஒரு பக்கம் எழுதி ஏற்றிவிடுங்கள். அந்தப் பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை உங்கள் தொழிலை வைத்துத்தான் சொல்ல முடியும். எந்தக் கடை, எந்தத் தெரு என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.